பொன்னாயி மடியில் கட்டிய எலுமிச்சை

வெள்ளக்கடை என்ற மலைக்கிராமத்தில் பலாவும் ஆரஞ்சும் வாங்கி ஏற்காடு ஏரிக்கரையில் விற்றவர் பொன்னாயி. தினமும் பழம் ஏற்ற, 1986-இல் ஒரு பழைய ஜீப் வாங்கக் கிளம்பினார். சேலத்துப் புரோக்கர் நல்லப்பன் சிவப்பு ஜீப் ஒன்றைக் காட்டி, பேரம் முடிந்ததுபோலக் கையோடு பூஜை போட்டு, சக்கரங்களுக்கடியில் எலுமிச்சம்பழமும் வைத்துவிட்டார்.

“பெயின்ட்டப் பாருங்கக்கா, கண்ணாடியாட்டம் மின்னுது.”

“பெயின்ட்டா என்ற பழத்தச் சொமக்கப் போவுது?” பொன்னாயி எலுமிச்சம்பழங்களைப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டார். “மொதல்ல மலையேறட்டுமுங்க.”

லாரி ஓட்டும் அவருடைய தம்பி மாதேஸ்வரன் சிவப்பு ஜீப்பை ஓட்டினான். வெள்ளக்கடை ஏற்றத்தில் மழைச்சேறு. பலாப்பழச் சுமையோடு நடுமேட்டில் நிறுத்தி, மறுபடி வண்டியை எடுக்கச் சொன்னார் பொன்னாயி. சிவப்பு ஜீப் உறுமியதே தவிர நகரவில்லை.

திரும்பிப் போக வேண்டுமே என்று தன் சொந்த ஜீப்பில் பின்னால் வந்த நல்லப்பன், கயிறு கட்டி அதை மேலே இழுத்துவிட்டார். பெயின்ட் உரிந்த அந்த வண்டி கொஞ்சமும் திணறவில்லை.

பொன்னாயி மடியை அவிழ்த்தார். எலுமிச்சம்பழங்களை அந்த வண்டியின் சக்கரங்களுக்கடியில் வைத்தார்.

“ஐயோ, அது நான் ஓட்டற வண்டிங்கக்கா!”

“அதனாலதானுங்க கேக்கறேன். வெலையச் சொல்லுங்க.”

பல வருஷம் பொன்னாயியின் பழத்தை அதுதான் சுமந்தது. நல்லப்பன் அன்று சிவப்பு ஜீப்பில்தான் சேலம் திரும்பினார். இறக்கம்தானே, போய்ச் சேர்ந்திருப்பார்.