துரைசானி நடத்திய பாடம்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஆசிரியப் பயிற்சி முடித்து, திருப்பதிப் பள்ளியிலிருந்து வேலை உத்தரவு வரட்டும் என்று சித்தூரில் காத்திருந்தேன். அம்மா ஒரு துரையின் பங்களாவில் தினமும் காலையில் வீடு பெருக்கி, துடைத்து, பாத்திரம் கழுவினாள். அந்தத் துரைசானி ஸ்பெயின் தேசத்தில் பிறந்தவள். எனக்கு இங்கிலீஷ் வரும் என்று கேள்விப்பட்டு, மாலையில் வந்தால் தன் தாய்மொழியைக் கற்றுத்தருவதாகச் சொல்லியனுப்பினாள். ஜில்லாவில் வேறு யாருக்கும் தெரியாத பாஷை. தலை நிமிர்ந்து போனேன்.

கட்டளைச் சொற்களில் ஆரம்பித்தாள். பெரும்பாலும் வினைச்சொல்லின் கடைசி 'ர்' ஒலியை விட்டால் போதும். கழுவுவது 'லவார்', கழுவு என்றால் 'லவா'. துடை என்றால் 'லிம்பியா', சாப்பிடு என்றால் 'கோமே'. 'ஈர்' என்று முடிபவை மட்டும் 'ஏ' ஆகும்: திறப்பது 'அப்ரீர்', திற என்றால் 'ஆப்ரே'. சொன்னதை உடனே செய்துகாட்ட வேண்டும், அப்போதுதான் மனதில் நிற்கும் என்றாள். ஜன்னலைத் திறந்தேன். மேசையைத் துடைத்தேன். ஒரு கோப்பையைக் கழுவினேன். மறுவாரம் அலமாரியிலிருந்த கோப்பைகள் அத்தனையும். பிறகு கூடம் முழுவதும். 'கோமே' மட்டும் என் நோட்டுப் புத்தகத்திலேயே இருந்தது.

ஒருநாள் அம்மா போன வேகத்தில் திரும்பி வந்தாள். வேலையெல்லாம் முதல்நாள் மாலையே முடிந்துவிடுகிறது, இனி வரவேண்டாம் என்று பட்லர் சொல்லிவிட்டானாம். யார் செய்கிறார்கள் என்று அவளுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. சொன்னேன்.

அம்மா என்னையே பார்த்தாள். "என் வேலைய நீதான் துன்னுக்கினு இருந்தியா? மூலையெல்லாம் விட்டிருப்பியே."

அன்று மாலை துரைசானி துணியை நீட்டி "லிம்பியா" என்றாள். நான் அதை மேசைமேல் வைத்தேன். கூப்பிடுவதற்கு 'யாமார்' என்று அவள் புத்தகத்தில் பார்த்திருந்தேன்.

"யாமா ஆ மி மாத்ரே" என்றேன். என் அம்மாவைக் கூப்பிடு.

அவள் கைதட்டினாள். சொல்லித்தராத சொல்லை நானே கட்டளையாக்கிவிட்டேனாம், பிழையே இல்லையாம். விளையாட்டென்று நினைத்தாளோ என்று இங்கிலீஷிலும் சொன்னேன்: என் அம்மாவின் வேலையைத் திருப்பிக் கொடுங்கள். சிரித்துக்கொண்டே துணியை எடுத்து மறுபடி என் கையில் வைத்தாள். கீழே போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அம்மாவை அவள் கூப்பிடவே இல்லை. நான் திருப்பதிக்கு வந்து வகுப்பு எடுக்கத் தொடங்கியும் கோபம் ஆறவில்லை. கரும்பலகையைத் துடை என்று எந்தப் பிள்ளையிடமும் சொல்வதில்லை. நானே துடைக்கிறேன். மூலையைக்கூட விடுவதில்லை.