கடலுக்கு முதுகு காட்டிய மாதா

முள்ளிவாய்க்கால் கரையில், கடற்றொழில் செய்த கத்தோலிக்கக் குடும்பத்தில், ஐந்து பிள்ளைகளுக்கு மூத்தவராக எங்கள் அக்கா பிறந்தார். கடைசி ஆள் நான். அம்மா என்னைப் பெற்ற கையோடு கண்மூடிவிட்டதால் என்னை வளர்த்து ஆளாக்கியவர் அக்காதான். கலியாணம் கட்டி இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான பிறகும் எனக்குத் தலை பின்னிவிட்டுத்தான் தன் பிள்ளைகளைப் பார்ப்பார்.

கரையோரக் கெபியில், கல்லால் கட்டிய சிறு குகைக்குள், கடலைப் பார்த்து நின்ற மாதா சுரூபத்துக்குத் திருநாள்தோறும் உடுப்பு மாற்றுவது அக்காவின் பொறுப்பு. 2004 மார்கழித் திருநாளுக்கு அவர் காய்ச்சலில் கிடந்தார். அவருக்குப் பதிலாக நான் போனேன். வாடைக்காற்றில் புதுப் போர்வை நிற்கவில்லை. சுரூபத்தைத் தெருப்பக்கம் திருப்பிவிட்டு, காற்று அடங்கியதும் சரிசெய்யலாம் என்று வந்தேன். மறந்துபோனேன். தெருவால் போகிறவர்களுக்கு முகம் வடிவாகத் தெரிகிறது என்று பலர் சந்தோஷப்பட்டார்கள்.

கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு மறுநாள் கடல் ஊருக்குள் வந்தது. எங்களைப் பெற்ற ஐயாவையும் அக்காவின் மகளையும் கொண்டுபோனது.

பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தோம். புதைத்துவிட்டு வந்த எல்லோருக்கும் ஒரு காரணம் வேண்டியிருந்தது. "மாதா முதுகைக் காட்டினா, அதாலதான் கடல் ஏறினது" என்று யாரோ ஒருவர் சொன்னார். பொழுதுபடுவதற்குள் எல்லா வாயிலும் அதே கதை.

"ஆர் திருப்பினது?"

"நான்தான்" என்றார் அக்கா.

என் கையை நசுங்கப் பிடித்திருந்தார். பிறகு, "நீ வாயைத் திறக்காத. இனித்தான் நீ வாழோணும்" என்று காதுக்குள் சொன்னார். நான் திறக்கவில்லை. பயம், வேறொன்றுமில்லை.

கடலுக்கு அடியில் நிலம் அதிர்ந்ததைச் சுவாமியார் படம் கீறி விளக்கினார். ஒருவரும் கேட்கவில்லை. நிலம் அதிர்ந்தால் நாங்கள் என்ன செய்யலாம்? மாதாவைத் திருப்பி வைக்கலாம். பழையது அலையோடு போனதால், கடலைப் பார்த்துப் புதுச் சுரூபம் வைத்துச் சீமெந்தால் இறுக்கினார்கள். அதன் பிறகுதான் வள்ளங்கள் இறங்கின. உடுப்பு மாற்ற அக்காவை யாரும் கூப்பிடவில்லை. சிலர் அவரோடு கதைப்பதையும் விட்டார்கள்.

"அந்தக் கதையாலதான் சனம் நித்திரை கொள்ளுது. இருக்கட்டும்" என்பார் அக்கா. அவர் மட்டும் நித்திரை கொள்ளவில்லை. விடிந்ததும் போய்க் கடல் நிற்கவேண்டிய இடத்தில் நிற்கிறதா என்று பார்ப்பார். யுத்தத்தின் கடைசி நாட்களில் அதே கரைக்குத் தள்ளப்பட்டபோது ஷெல்லைவிட அலைக்குத்தான் பயந்தார். தான் திருப்பவில்லை என்று தெரிந்தவர், பொய்யைச் சுமந்து சுமந்து, தானே திருப்பியதாக நம்பத் தொடங்கிவிட்டாரோ என்று நான் நடுங்கியிருக்கிறேன்.

கடந்த வருடப் புயலில் வீட்டைச் சுற்றி வெள்ளம் ஏறியது. சிறுநீரக வருத்தத்தில் படுத்திருந்த அக்காவை உழவு இயந்திரத்தில் ஏற்றினோம். "தங்கச்சி, கடல் உள்ளுக்கு இழுபடுதோ எண்டு ஒருக்காப் பார்" என்று வழியெல்லாம் கேட்டார். நான்கு நாளில், ஆஸ்பத்திரியில், என் மடியில் அடங்கினார்.

வெள்ளத்துக்குள் உழவு இயந்திரம் ஓட்டிவந்தவர், அலையில் மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்தவர். அக்காவோடு வருடக்கணக்காகக் கதைக்காதவர். அவருக்கும், பராமரித்த தாதிமாருக்கும், குழி வெட்டிய வாலிபருக்கும், இன்று ஓராண்டுத் திருப்பலிக்கு வந்த உங்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

வருகிற திருநாளுக்கு மாதாவின் உடுப்பை மாற்ற என்னைக் கேட்டிருக்கிறீர்கள். அக்காவின் பழியைத் தங்கச்சி தீர்க்கட்டும் என்று நினைத்திருப்பீர்கள். பழி அக்காவுடையதல்ல. இந்த நினைவுமடலை வாசித்த பிறகும் கூப்பிட்டால் வருவேன். ஆனால் தனியே அந்தக் கெபிக்குள் ஏற எனக்குப் பயம். யாராவது ஒருவர் என் பக்கத்தில் நில்லுங்கள்.