வேண்டாம் என்று சொன்ன சனிக்கிழமை

அக்காவின் முகம் காலையில் வீங்கியிருந்தது. நன்றாகத் தூங்கியிருக்கிறாள் என்று நினைத்தோம். பிறகு கால் வீங்கியது. பரிசோதித்துப் பார்த்தால் சர்க்கரை நோய் இரண்டு சிறுநீரகங்களையும் தின்று முடித்திருந்தது. கண்ணையும் பாதி தின்றிருந்தது.

வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் (சிறுநீரகம் செய்ய வேண்டிய வேலையை இயந்திரம் செய்வது). ஸ்ரீரங்கத்திலிருந்து பாலத்தைத் தாண்டித் திருச்சிக்குப் போக வேண்டும். தண்ணீரை அளந்துதான் குடிக்கலாம். இரண்டு ஆறுகளுக்கு நடுவில் குடியிருந்துகொண்டு ஐஸ் துண்டைச் சப்பிக்கொண்டிருப்பாள். இந்த வியாதி உள்ள வீட்டுக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆறுதல் சொல்ல எனக்கு வராது.

இயந்திரத்தோடு படுத்திருக்கும் நேரம் லேசில் நகராது. அதனால் படித்துக் காட்டினேன். சிறுவயதில் வாரப் பத்திரிகையில் வந்த ஒரு சரித்திரத் தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்திருந்தோம். ராஜகுமாரன் குதிரையில் வந்து எதிரி நாட்டு இளவரசியைத் தூக்கிக்கொண்டு போவான். அந்தப் பக்கத்தை யார் முதலில் படிப்பது என்று எங்களுக்குள் அடிதடியே நடக்கும்.

இப்போது படித்தால் எரிச்சல் வந்தது. அவள் விடுங்கள் என்கிறாள். அவன் சிரிக்கிறான். உதடு மறுத்ததாம், கண் சம்மதித்ததாம். எழுதினவருக்கு எப்படித் தெரியும்?

"இவனைப் போலீஸ்ல பிடிச்சுக் குடுக்கணும்க்கா."

"போடி. இவனை நெனச்சுக்கிட்டே கணக்குல ஃபெயிலானவதானே நீ" என்று சிரித்தாள்.

அந்தப் புத்தகத்தில் ஒரு வாரம் கிடையாது. அந்த வார இதழைப் பக்கத்து வீட்டுக்காரி இரவல் வாங்கித் திருப்பித் தரவில்லை. கடத்தல் முடிந்து பக்கத்தைத் திருப்பினால் கல்யாணம். நடுவில் அவன் கேட்டிருப்பான், அவள் சரி என்றிருப்பாள் என்று நாங்களே பேசி முடிவு செய்திருந்தோம். இத்தனை வருஷமும் அப்படியே நம்பியிருந்தேன்.

"அந்த வாரத்துலயும் அவளை யாரும் கேட்டிருக்க மாட்டாங்கடி" என்றாள் அக்கா. ஊசி ஏறியிருந்த கையைக் காட்டி, "என்னையும்தான்" என்றாள்.

சில வாரங்களாகவே அவள் டயாலிசிஸ் ஊசி வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அடுத்த முறை போனபோது டாக்டரிடமே சொன்னாள். டாக்டர் அவள் மகன் செந்திலைப் பார்த்தார்.

"அம்மா சும்மா சொல்றாங்க சார். உள்ளுக்குள்ள பேரனைப் பாக்கணும்னு ஆசை இருக்கு."

டாக்டர் தலையாட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அவங்களைக் கேளுங்க டாக்டர். கண்ணுதான் போச்சு, காது நல்லாத்தான் கேக்குது."

டாக்டர் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். நிறுத்தினால் நுரையீரலில் நீர் கோக்கும், உயிருக்கே ஆபத்து என்று விவரமாகச் சொன்னார். அக்கா முழுக்கக் கேட்டாள்.

"இன்னிக்கு வேணாம் சார். வீட்டுக்குப் போறேன்."

அன்று சனிக்கிழமை. ஆட்டோவில் செந்தில் டிரைவர் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டான். வீட்டில் அக்கா ஒரு டம்ளர் காபியை முழுசாகக் குடித்தாள். நான் தடுக்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் அவளுக்கு மூச்சு வரவில்லை. பேச்சும் வரவில்லை. என் புடவையைப் பிடித்து இழுத்து வாசலைக் காட்டினாள். தூக்கிக்கொண்டு ஓடினோம். மறுபடி இயந்திரம். பிழைத்தாள்.

"பாத்தீங்களா சித்தி? அவங்களுக்கு வாழத்தான் ஆசைன்னு சொன்னேன்ல."

அவனுக்கான பதிலை இப்போது சொல்கிறேன். சனிக்கிழமை வேண்டாம் என்றவளும் அவள்தான், திங்கட்கிழமை வாசலைக் காட்டியவளும் அவள்தான். பின்னது முன்னதைப் பொய்யாக்கிவிடாது. சொல்வது சுலபம். அவளை இழுத்துப் பிடிக்கவும் எனக்குத் தெரியவில்லை, விட்டுவிடவும் தெரியவில்லை. உங்களுக்கும் தெரியாது. தெரியும் என்று சொல்லிக்கொண்டு வருகிற சொந்தக்காரர்களை நம்பாதீர்கள்.

இப்போது ஒவ்வொரு முறையும் நர்ஸ் அக்காவையே கேட்கிறார். எங்களுக்குக் கிழமைகள் கிடையாது; ஊசி நாள் உண்டு, ஊசி இல்லாத நாள் உண்டு, அவ்வளவுதான். அவள் கையில் ஃபிஸ்துலா (ஊசி போடுவதற்காகத் தமனியையும் சிரையையும் இணைத்த இடம்) இருக்கிறது. அதன்மேல் விரல் வைத்தால் உள்ளே இரத்தம் விறுவிறுவென்று ஓடி அதிர்வது தெரியும்.

"போடலாமாம்மா?"

அக்கா சொல்லட்டும் என்று நர்ஸ் ஊசியோடு நிற்கிறார். என் விரலுக்கடியில் அவள் கை அதிர்ந்துகொண்டே இருக்கிறது.