வலது பக்கத்துக்கு ஒரு பாக்கெட்

போன வருஷம் ஐப்பசி மழையில் நடந்தது இது. நான் பெருமாநல்லூரில் குடியிருக்கிறேன். வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு பனியன் கம்பெனி, அதில் எனக்குச் செக்கிங் வேலை. தைத்து வரும் டீ ஷர்ட்டை மேசையில் விரித்து, உள்ளும் புறமும் புரட்டிப் பார்க்க வேண்டும். தையல் விட்டிருந்தாலோ ஊசி ஓட்டை தெரிந்தாலோ அந்த இடத்தில் ஒரு சின்ன அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டி ஒதுக்க வேண்டும். சரிசெய்ய முடிந்தது ஆல்டருக்குப் போகும், முடியாதது ரிஜெக்ட். என் கண்ணில் மண்ணைத் தூவ முடியாது என்பது எங்கள் கம்பெனியில் பிரசித்தம். நான் எழுந்து வருவதைப் பார்த்தாலே தையல் லைனில் பேச்சு நின்றுவிடும். எனக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான்.

அப்படிப்பட்ட கண்ணுக்கு என் மார்பிலேயே வளர்ந்த கட்டி தெரியாமல் போய்விட்டது. கோயமுத்தூரில் ஆபரேஷன் செய்து வலது மார்பை எடுத்தார்கள். புண் ஆறியதும் கீமோ ஊசி ஆரம்பமானது. முடி கொட்டியது, நாக்கு செத்துப்போனது, தண்ணீர் குடித்தால்கூடக் குமட்டியது. அதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கினேன். கண்ணாடியைத்தான் தாங்க முடியவில்லை. ஒரு பக்கம் பழையபடி, ஒரு பக்கம் பலகை மாதிரி. யார் பார்த்தாலும் அங்கேயேதான் பார்க்கிறார்கள் என்று தோன்றியது. துண்டைப் போர்த்திக்கொண்டு வீட்டுக்குள்ளேயே கிடந்தேன். பால் வாங்கக்கூட வாசலுக்குப் போகவில்லை.

அடுத்த ஊசிக்கு நாள் நெருங்கியபோது, இனிமேல் ஆஸ்பத்திரிப் பக்கமே வரமாட்டேன் என்று வீட்டுக்காரரிடம் தீர்த்துச் சொல்லிவிட்டேன். பாதியில் விட்டால் நோய் திரும்பி வரலாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். தெரிந்தேதான் சொன்னேன். வீட்டுக்காரர் கெஞ்சினார், கோபப்பட்டார், ஒருநாள் சாப்பிடாமல்கூட இருந்து பார்த்தார். நான் மசியவில்லை. கடைசியில் அவர் என் கம்பெனித் தோழிகளுக்குப் போன் போட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பேரும் வந்து நின்றார்கள். ஒருத்தி சேவூர்க்காரி. எங்கள் லைனில் பாக்கெட் தைக்கிறவள். அவள் தைத்த பாக்கெட்டில் நான் ஸ்டிக்கர் ஒட்டியதே அபூர்வம். இன்னொருத்தி சிவகங்கைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து என் மேசையிலேயே செக்கிங் பார்க்கிறவள். பேச ஆரம்பித்தால் மெஷின் சத்தம் தோற்றுவிடும். அழுது ஆறுதல் சொல்ல வந்திருக்கிறார்கள் என்று நினைத்து முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டேன். அவர்களோ வந்ததும் வராததுமாகக் கம்பெனிக் கதையை ஆரம்பித்துவிட்டார்கள். சூப்பர்வைசர் தலைக்கு டை அடித்து வந்தது, கேன்டீன் சாம்பாரில் பருப்பைத் தேடியது என்று என்னென்னவோ சொன்னார்கள். பிறகு சேவூர்க்காரி பையிலிருந்து ஒரு பாலித்தீன் கவரை எடுத்தாள்.

உள்ளே போடுகிற பாடி. பஞ்சு மாதிரி மிருதுவான பனியன் துணி. உள்பக்கம் ஒரு பாக்கெட், அந்தப் பாக்கெட்டுக்குள், எடுத்த மார்பின் இடத்தை நிரப்பத் துணி அடைத்த சின்னத் தலையணை. இரண்டு பேரும் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து எனக்காகவே தைத்தார்களாம்.

"போட்டுப் பாருங்கக்கா. பேக்கிங்கே பண்ணிட்டோம், இனி வேணாம்னு சொல்லப்படாது" என்றாள் சிவகங்கைக்காரி.

கோபம்தான் வந்தது. ஆனால் கவரைப் பிரித்துவிட்டால் என் கை சும்மா இருக்காதே. தையலைத் தடவிப் பார்த்தேன். ஒரு குறை சொல்ல முடியாது. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டுப் போட்டுக்கொண்டேன். வெகுநாள் கழித்துக் கண்ணாடி முன்னால் நின்றேன்.

இருந்த இடது பக்கம் ஒன்றுக்கு இரண்டாகப் புடைத்துக்கொண்டு நிற்கிறது! இல்லாத வலது பக்கம் இல்லாமலேயே இருக்கிறது!

ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் அடிவயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது. டீ ஷர்ட்டானாலும் சட்டையானாலும் பாக்கெட் இடது நெஞ்சில்தான் வரும். வருஷக்கணக்காக அதையே தைத்துத் தைத்து அவள் கை பழகிப்போயிருக்கிறது. மனசு வலது என்று சொல்லியும் கை கேட்கவில்லை. கூடவே இருந்த செக்கிங்காரியும் பாக்கெட் சரியான இடத்தில் இருக்கிறது என்று பாஸ் பண்ணியிருக்கிறாள்!

அப்படியே வெளியே வந்து நின்றேன். துண்டு இல்லை. அதை நான் அப்புறம்தான் கவனித்தேன். சேவூர்க்காரிக்கு முகம் வெளுத்துவிட்டது.

"ஐயோ, மாத்தி வெச்சுப்போட்டனுங்க்கா! என் கையை அடுப்புல வெக்கோணும்" என்று அழவே ஆரம்பித்துவிட்டாள்.

நான் வேலைக்குக் கொண்டுபோகும் பையைத் தேடி எடுத்தேன். ஸ்டிக்கர் அதில்தான் இருந்தது. ஒரு அம்புக்குறியை உரித்து அந்தப் பாக்கெட்டுக்கு நேராக ஒட்டி, "ஆல்டர்" என்றேன். சிவகங்கைக்காரி தரையில் உட்கார்ந்து சிரித்தாள். அழுதுகொண்டிருந்தவளும் சிரித்தாள். நான் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, அது எப்போது அழுகையாக மாறியது என்றே தெரியவில்லை. இரண்டு பேரும் என்னைக் கட்டிக்கொண்டார்கள். அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரர் என்னவோ ஏதோ என்று ஓடி வந்து, எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

கிளம்பும்போது சேவூர்க்காரி பாடியை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

"ஆல்டர் பண்ணித் தந்தர்றனுங்க்கா. ஆனா ஊட்டுக்குக் கொண்டாந்து தரமாட்டனுங்க. ஊசி போடற அன்னிக்கு காலையில நால்ரோட்டு ஸ்டாப்புக்கு வந்து வாங்கிக்கோங்க."

தந்திரம் புரியாமலா இருக்கும்? போகக் கூடாது என்றுதான் அன்று காலைவரை நினைத்திருந்தேன். ஆனால் தூறலில் அவள் எனக்காக நின்றுகொண்டிருப்பாள் என்று நினைத்தபோது படுத்திருக்க முடியவில்லை. தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, வீட்டுக்காரரோடு ஸ்டாப்புக்குப் போனேன். அவள் குடையோடு நின்றிருந்தாள். பக்கத்திலேயே சிவகங்கைக்காரி டிபன் கூடையோடு நின்றாள். இரண்டு பேரும் லீவு போட்டிருக்கிறார்கள்!

"நாம ஒட்டுக்காப் போயிட்டு வந்தர்லாமுங்க்கா" என்றாள் சேவூர்க்காரி. கோயமுத்தூர் பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.

அன்றைக்குப் பிறகு ஒரு ஊசியையும் நான் விடவில்லை. யாராவது ஒருத்தி கூட வந்துவிடுவாள். கீமோ முடிந்து இப்போது கரண்ட் வைக்கிறார்கள், அதாவது கதிர்வீச்சு சிகிச்சை. அதற்குப் பிறகு மாத்திரை, பரிசோதனை என்று இன்னும் நீளமாகப் பாதை இருக்கிறது. சில நாள் பயம் வரத்தான் செய்கிறது. அப்போது சிவகங்கைக்காரிக்குப் போன் போட்டால் போதும், என்னைப் பேசவே விடமாட்டாள்.

பாக்கெட்டைப் பிரித்து வலது பக்கம் மாற்றித் தைத்த அந்தப் பாடியில், இடது பக்கத்துப் பழைய ஊசி ஓட்டைகள் வரிசையாக அப்படியே தெரிகின்றன. பனியன் துணியில் விழுந்த ஓட்டை மூடாது. என் மேசைக்கு வந்திருந்தால் யோசிக்காமல் ரிஜெக்ட் என்று தள்ளியிருப்பேன். இத்தனை வருஷத்தில் நான் தெரிந்தே பாஸ் பண்ணிய ஒரே டேமேஜ் பீஸ் அதுதான். அதைப் போட்டுக்கொண்டுதான் ஒவ்வொரு முறையும், நல்லபடியாகத் திரும்பி வருவேன் என்ற தைரியத்தோடு கோயமுத்தூர் பஸ் ஏறுகிறேன்.