சாரல்பட்ட தொலி

கடலை மில்லில் பத்தொன்பது வருசம் மூட்டை தூக்கியவள் இசக்கிச்செல்வி. சூளையில் எரிக்கப் போகிற கடலைத் தொலியை அரைத்து, பசை கலந்து, சூட்டில் அழுத்தினால் பலகையாகும் என்று அவள் சொன்னபோது சுந்தரபாண்டியபுரமே சிரித்தது. "தொலியில பலகையா? அடுத்து புகையில உத்தரமாக்கும்!" என்றார்கள். சிரித்தவர்களில் நாலு பேர் வீட்டு அலமாரியில் இன்று அவள் பலகைதான். ஆனால் நாலு அலமாரியை வைத்துப் பட்டறை ஓடாது.

அப்போதுதான் குற்றாலத்தில் லாட்ஜ் வைத்திருக்கும் வல்லிநாயகம் அண்ணாச்சி வந்தார். நாற்பது அறைக்கும் அலமாரித் தட்டு வேண்டும். ஆனால் ஒரு பலகையைத் தன் கண்ணெதிரே செய்து காட்ட வேண்டும். இது கைநழுவினால் பட்டறையைப் பூட்டிவிட்டு மறுபடி மூட்டை தூக்கத்தான் போக வேண்டும்.

"சீக்கிரம் தாயி, சீசன் கூட்டம் காத்துக் கெடக்கு" என்று அண்ணாச்சி அவசரப்படுத்தினார். பசை கலக்குமுன் தொலித்தூளை ஒரு கைப்பிடி இறுக்கிப் பார்ப்பாள் செல்வி. உதிர்ந்தால் காய்ந்தது, கட்டிப்பட்டால் ஈரம். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. அன்றைக்கு அவள் பார்க்கவில்லை.

அழுத்து மிஷினை மூடி ஆறாவது நிமிசம், ஓரத்தில் உஸ்ஸென்று ஆவி சீறியது.

"மூட்டை எங்கன கெடந்துச்சு?" என்று புருசன் கடற்கரையிடம் கேட்டாள்.

"வெளியதான். மழையே பெய்யலியே, சாரல்தான அடிச்சுது?"

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. சாரலை மழைக் கணக்கில் சேர்க்காத சீமை இது. கையில் குடை இருந்தாலும் விரிக்காமல் நடப்பார்கள்.

உள்ளே அடைபட்ட ஆவி என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியும். இரண்டு வருசத்துக்கு முன் இப்படி வெடித்த பலகைதான் அவள் இடது கையை முழங்கை வரை பொசுக்கியது. இப்போது அண்ணாச்சியோ மிஷினுக்கு ஒரு சாண் தள்ளிக் குனிந்து, முகத்தை நீட்டி வேடிக்கை பார்க்கிறார். 'கரண்ட் கோளாறு' என்று ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அவர் நிதானமாகத்தான் நகர்வார்.

"தள்ளுங்க அண்ணாச்சி! தொலி ஈரம்!" சட்டையைப் பிடித்து இழுத்தே விட்டாள்.

பிறகு, எட்டி நின்று, அழுத்தத்தை இறக்கும் வால்வை இம்மி இம்மியாகத் திருப்பினாள். ஒரு திருப்பு. காத்திருந்தாள். இன்னொரு திருப்பு. மூன்றாவதில் டமாரென்று பலகையின் மூலை பிய்ந்து, அவர் முகம் இருந்த இடத்தைத் தாண்டிப் போய்ச் சுவரில் அடித்தது.

மிச்சப் பலகை பூரி மாதிரி உப்பிப் பிளந்து கிடந்தது. எல்லாம் போச்சு என்று செல்விக்கு அழுகை வந்தது. மறைக்கவும் இல்லை.

அண்ணாச்சி கன்னத்தைத் தடவிக்கொண்டார். அவள் கைத் தழும்பைப் பார்த்தார். "வெள்ளிக்கெழம வாரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஸ்கூட்டரைப் பார்த்து நடந்தார். வேண்டாம் என்பதைப் பெரிய மனுசர்கள் இப்படியும் சொல்வதுண்டு.

வெயிலோடு சாரல் விழ ஆரம்பித்தது. கடற்கரை தார்ப்பாயை மூட்டைகள் மேல் ஒற்றை ஆளாக இழுத்துக்கொண்டிருந்தான்; காற்று விடவில்லை. அண்ணாச்சி சாவியைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு ஓடிவந்து மறுமுனையைப் பிடித்தார்.

"இழுலே நல்லா! என் அலமாரில்லா நனையுது!"