பன்றி பார்க்கும் கண்ணாடி

இரவில் வேட்டையாடுகிறவர்களுக்கு, உடல் சூட்டை வைத்து இருட்டில் பார்க்கும் தெர்மல் கருவி விற்கும் இணையதளங்களில் ஒரு பங்குனி மாதம் முழுவதையும் தொலைத்தேன். நான் வேட்டைக்காரன் இல்லை. ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் எலக்ட்ரிகல் மெயின்டனன்ஸ் பார்ப்பவன். கறிக்கடையில் கோழி அறுப்பதைக்கூட நின்று பார்க்க மாட்டேன், முகத்தைத் திருப்பிக்கொண்டு போனைப் பார்ப்பேன்.

காரணம் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன். வல்லம் வடகால் பக்கம் அவருக்கு ஒன்றரை ஏக்கர் நிலம். இரண்டு பக்கம் கம்பெனி மதில், ஒரு பக்கம் கம்பெனிகளில் வேலை பார்க்கும் பெண்கள் தங்கும் ஹாஸ்டலுக்குப் போகிற மண்பாதை, மிச்சப் பக்கம் ஏரிக்கரையும் அதில் மண்டிக்கிடக்கும் சீமைக் கருவேலமும். கருவேலத்துக்குள் காட்டுப்பன்றிகள். போன வருடம் வேர்க்கடலை பிடுங்கும் நேரத்தில் ஒரே இரவில் கூட்டமாக வந்து வயலையே உழுதுவிட்டுப் போயின.

இந்த வருடமும் வேர்க்கடலைதான் போட்டார். கூடவே இரண்டு சுருள் கட்டுக்கம்பியும் வாங்கி மோட்டார் கொட்டகையில் வைத்தார். வயலைச் சுற்றிக் குச்சி நட்டு, கம்பி இழுத்து, பம்புசெட் லைனிலிருந்து கரண்ட் கொடுத்துவிடுவது அவருடைய திட்டம். சுற்றுவட்டாரத்தில் யாரும் செய்யாததையா செய்யப் போகிறேன் என்று கேட்டார். எங்கள் தொழிற்சாலையில் மெயினை அணைத்துப் பூட்டுப் போட்டு, சாவியைத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளாமல் ஒருவன் பேனலில் கை வைத்தால் அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இவரோ திறந்த வெளியில், ஈர மண்ணில், கண் தெரியாத இருட்டில் கரண்ட் ஓடவிடப் போகிறேன் என்கிறார்.

சண்டை போட்டேன். பன்றி வருவது முன்னாலேயே தெரிந்தால் வெடி போட்டு விரட்டிவிடலாமே, கம்பி எதற்கு என்றேன். டார்ச் அடித்தால் அந்தப் பக்கம் ஒதுங்கி நின்று, அணைத்ததும் இந்தப் பக்கம் வருகின்றன, எங்கே என்று வெடியைப் போடுவது என்றார். வெளிச்சம் இல்லாமலே பார்க்கிற கருவி இருக்கிறது, நான் வாங்கித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். ஆனால் பேனல் போர்டுகளைத் தெர்மல் கேமராவால் பார்ப்பதுதான் எனக்கு அன்றாட வேலை. எந்த இணைப்பு தளர்ந்திருக்கிறதோ அது சூடாகி வெள்ளையாகத் தெரியும். அதனாலேயே எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் நான் சுவரைத் தாண்டிப் பார்க்கிறவன் என்று ஒரு நினைப்பு. கம்பெனிக் கேமராவைக் கொண்டுவரலாம் என்றால், கேட் பாஸ் இல்லாமல் ஒரு ஸ்குரூ டிரைவர்கூட எங்கள் செக்யூரிட்டியைத் தாண்டாது. தாண்டினாலும் அது கைக்கெட்டும் தூரத்துக்குத்தான் உதவும்.

அப்படித்தான் அந்த இணையதளங்களுக்குள் போய் மாட்டிக்கொண்டேன். ஆயிரத்து இருநூறு மீட்டர் பார்க்கும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பான். அடியில் பொடி எழுத்தில் வேறு கணக்கு. ஏதோ ஒன்று நிற்கிறது என்று தெரிய அந்தத் தூரம். மனிதனா மிருகமா என்று தெரிய அதில் கால்வாசி. இன்ன மிருகம் என்று அடித்துச் சொல்ல அதிலும் பாதி. பெரிய லென்ஸ் எடுத்தால் தூரம் தெரியும், ஆனால் குழாய் வழியாகப் பார்த்தது போல வயலில் ஒரு மூலைதான் தெரியும். சின்ன லென்ஸ் எடுத்தால் வயல் முழுக்கத் தெரியும், பன்றி கடுகளவு இருக்கும். சின்னச் சூட்டு வித்தியாசத்தைப் பிரித்துக் காட்டும் திறனுக்கு ஓர் எண் உண்டு. அது குறையக் குறையக் கருவி நல்லது, விலையும் ஏறும். இதை மச்சானுக்குப் புரியவைப்பதற்குள் எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. குறைச்சலாக மார்க் வாங்கினவனுக்கா முதல் பரிசு என்று கேட்டார்.

வீடியோக்கள் இன்னும் மோசம். எல்லாம் ஏதோ ஒரு குளிர்நாடு. கம்பளிக் குல்லா போட்ட ஆள், வாயைத் திறந்தால் புகை. கருவியில் பார்த்தால் கறுப்புத் தரையில் பன்றிகள் டியூப்லைட் போலப் பளிச்சென்று ஓடுகின்றன. நானும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். தரை ஏன் அவ்வளவு கறுப்பாக இருக்கிறது என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, பன்றியைத் தேடுகிறீர்களா, பன்றியோடு குடித்தனமே நடத்துகிறீர்களா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

கடைசியில் எங்கள் தொழிற்சாலைக்குக் கேமரா சப்ளை செய்யும் சென்னை ஆளிடமே சொன்னேன். அவர் இரண்டு மாடல் கொண்டுவந்தார். எங்கள் ஊர்த் தொழிற்சாலைகளில் எதையும் டிரையல் பார்க்காமல் வாங்கும் வழக்கம் கிடையாது. ஆகவே டிரையல் பார்த்தோம். எங்கே? டிரெயினிங் ஹாலில், மேலாளர்கள் கோட்டுப் போட்டுக்கொண்டு உட்காரும் அளவுக்கு ஏசி ஓடுகிற இடத்தில். விளக்கை அணைத்துவிட்டு என் செக்ஷன் ஆட்கள் இரண்டு பேரை ஹாலின் கோடியில் நடக்கச் சொன்னேன். மூக்கும் காதும்கூடத் தெரிந்தன. ஒருவர் எழுந்துபோன நாற்காலியில் அவர் உட்கார்ந்த சூடு அப்படியே வெள்ளையாக இருந்தது. எல்லோரும் ஆளுக்கொரு தடவை வாங்கிப் பார்த்துக் கைதட்டினார்கள். இரண்டு மாடலுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. பிறகு எதற்கு விலை கூடியது என்று, சூடு பிரிக்கும் திறன் குறைந்த, மலிவானதையே எடுத்துக்கொண்டேன். பெரிய சாமர்த்தியம் செய்துவிட்ட நினைப்பு எனக்கு.

சித்திரை பிறந்த வாரம். இருட்டியதும் மச்சானும் நானும் மோட்டார் கொட்டகைப் பக்கம் உட்கார்ந்தோம். பகலெல்லாம் காய்ந்த மண் அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல் மாதிரி அனலடித்தது. கருவியைக் கண்ணில் வைத்தேன். கம்பெனி மதில் வெள்ளை. கொட்டகைத் தகரம் வெள்ளை. வரப்பு வெள்ளை, வரப்பில் கிடந்த கல் வெள்ளை. வயல் முழுக்கப் பால் கொட்டியது போல இருந்தது. பட்டனை அழுத்தி நிறத்தை மாற்றினேன். எல்லாம் ஒன்றாகச் சிவப்பானது. பிடுங்கிப் பார்த்த மச்சான் சிரிக்கக்கூட இல்லை.

"இன்னா மாப்ள இது, வரப்பும் வெள்ளையா கீது, கல்லும் வெள்ளையா கீது. இத்த வெச்சுகினு பன்னிய எங்கேர்ந்து நான் தேடுறது?"

அவர் அதைச் சொல்லும்போதே ஏரிப் பக்கத்து மூலையில் கடலைச் செடி பிடுங்கும் சத்தம் கேட்டது. தோலோடு கடிக்கிற சத்தம், நிதானமாக, விருந்தாளி சாப்பிடுவது மாதிரி. காதுக்கு அத்தனை தெளிவாக இருந்தது கண்ணில் துளிகூட இல்லை. நான் இந்த நம்பரைக் கூட்டி அந்த நம்பரைக் குறைத்துக்கொண்டிருந்தபோது அந்த மூலையில் நான்கு பாத்தி காலியாகிவிட்டது. எனக்கு அழுகை வராத குறை. கருவியைத் தூக்கிக் கிணற்றில் போட வேண்டும்போல இருந்தது.

மறுநாள் சென்னை ஆளுக்குப் போன் செய்து கத்தினேன். வெயில் காலத்தில் தரை ஆறாது சார், பன்றி உடம்பும் தரையும் ஒரே சூட்டில் இருந்தால் எதை வைத்துப் பிரிக்கும், ஒரு மழை பெய்யட்டும் பாருங்கள் என்றார். இதை முதலிலேயே சொல்வதற்கென்ன என்றேன். நீங்கள் டெமோ பார்த்துத்தானே சார் எடுத்தீர்கள் என்றார். அந்த டெமோவை ஏசியில் வைத்தது நான்தான் என்பதால் என் கோபத்தைக் காட்ட ஆள் இல்லாமல் போயிற்று. அன்றைக்குத் தொழிற்சாலையில் புரொடக்‌ஷன் லைனில் இருந்த எல்லோரிடமும் காட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் மச்சான் என்னைப் பிடித்துக்கொண்டார். நீங்கள் மழைக்குக் காத்திருங்கள், பன்றி காத்திருக்காது, இன்றைக்குக் கம்பி கட்டுகிறேன் என்றார். ஒரு வாரம் பொறுங்கள் என்று கெஞ்சினேன். கெஞ்சுவது எனக்குப் பிடிக்காத வேலை, அதுவும் மச்சானிடம். மனைவி அவரைத் திட்டினாள், என்னையும் திட்டினாள். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். ஒப்புக்கொண்டாரா இல்லையா என்று தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கோடை மழை பிய்த்துக்கொண்டு கொட்டியது. நான் ஷிப்ட் முடித்து நனைந்தபடியே வண்டியை விட்டுக்கொண்டு வயலுக்குப் போனேன். மழை விட்டிருந்தது. வண்டி வெளிச்சத்தில் முதலில் பட்டது குச்சிகள்தான். வயலைச் சுற்றி நட்டிருந்தார். இரண்டு வரிசை கம்பி, கணுக்கால் உயரத்தில் ஒன்று குட்டிகளுக்கு, தொடை உயரத்தில் ஒன்று பெரிய பன்றிகளுக்கு. கம்பியின் நுனி மோட்டார் கொட்டகைச் சுவரில், சுவிட்ச் பெட்டிக்குக் கீழே சுருட்டி மாட்டியிருந்தது. இன்னும் சேர்க்கவில்லை. கையில் டேப் சுற்றிய ஒயரோடு மச்சான் நின்றிருந்தார்.

நான் என்னென்ன சொன்னேன் என்று எழுத முடியாது. கொலை கேஸ் என்றேன், தங்கச்சி முகத்தில் எப்படி முழிப்பீர்கள் என்றேன். அவரும் விடவில்லை. இந்தப் பக்கம் ராத்திரியில் ஈ காக்கா வராது, ஹாஸ்டல் பெண்களைக் கம்பெனி பஸ் வாசலிலேயே இறக்கிவிடுகிறது, நான் இருபது வருடமாக இங்கே இருக்கிறேன், நீங்கள் கரண்ட் பற்றி மட்டும் பேசுங்கள் என்றார். பிறகு ஓர் ஒப்பந்தம் போட்டார். இன்றைக்கு உங்கள் கண்ணாடியில் பன்றி தெரிந்தால் கம்பியைக் கழற்றிவிடுகிறேன், தெரியாவிட்டால் இப்போதே கனெக்‌ஷன் கொடுப்பேன், நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது.

கருவியைக் கண்ணில் வைத்தேன். மழை எல்லாவற்றையும் அணைத்திருந்தது. வயல் கறுப்பு, வரப்பு கறுப்பு, அந்தப் பாழாய்ப்போன மதிலும் கறுப்பு. வரப்பில் ஓடிய ஓர் எலி குண்டுமணி போல மின்னியது. கொஞ்ச நேரத்தில் மண்பாதைப் பக்கத்து ஓரத்தில், நல்ல தூரத்தில், வெள்ளையாக ஒன்று தெரிந்தது. அதன் பக்கத்தில் தாழ்வாக இன்னொன்று கம்பி இருக்கும் இடத்தைக் கடந்து வயலுக்குள் வந்தது. பின்னாலேயே இன்னொன்று. மச்சானிடம் கொடுத்தேன். அவர் பார்த்துவிட்டு என் தோளில் அடித்தார்.

"தாய்ப்பன்னி ஓரமா நின்னுகினு குட்டிங்கள உள்ள வுடுது மாப்ள. ஜெயிச்சிட்டீங்க."

அவர் வெடியை எடுக்கக் கொட்டகைக்குள் போனார். நான் மறுபடி பார்த்தேன். உயிர் என்று தெரிந்தது, என்ன உயிர் என்று தெரியவில்லை. பொடி எழுத்தில் படித்த கணக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த நேரத்தில் குட்டி என்று நினைத்த ஒன்று நிமிர்ந்து இரண்டு காலில் நின்றது. அடுத்ததும் நிமிர்ந்தது. வெடியும் தீப்பெட்டியுமாகத் திரும்பி வந்த மச்சானின் கையைப் பிடித்து இழுத்துத் தீப்பெட்டியைத் தட்டிவிட்டேன். யாரது என்று கத்தினேன். நாங்கதாண்ணே என்று ஒரு பெண் குரல் வந்தது.

வரப்பில் வரிசையாக வந்தார்கள். கம்பெனி யூனிபார்ம், தோளில் பை, ஒரு கையில் செருப்பு. சேறு முழங்கால் வரைக்கும். தெற்கத்திப் பெண்கள். பாலத்து வேலைக்காக ரோட்டைத் தோண்டிப் போட்டிருப்பதால் நேற்றிலிருந்து பஸ் மெயின் ரோட்டிலேயே இறக்கிவிடுகிறதாம். மண்பாதையில் இன்றைக்குத் தண்ணீர் நிற்கிறது, அதனால் வயல் வழியாக வந்தார்களாம். முன்னால் நின்ற பெண் மச்சானைப் பார்த்துப் பயந்துபோய்ச் சமாதானம் சொல்ல ஆரம்பித்தாள்.

"கோவிச்சுக்கிடாதீங்கண்ணே, கம்பி ஒண்ணும் அந்து போகல. கீழ இருந்ததைக் காலால மிதிச்சுக்கிட்டு, மேல இருந்ததை நாந்தான் கையில தூக்கிப் பிடிச்சேன். இவளுக எல்லாம் குனிஞ்சு வந்துட்டாளுக."

மச்சான் அவள் கையைப் பார்த்தார். காலைப் பார்த்தார். நான் இன்னும் கனெக்‌ஷன் குடுக்கல, இன்னும் குடுக்கல என்று யாரிடமோ சொல்வது போலச் சொன்னார். பிறகு கொட்டகைக்குள் போய்க் கட்டிங் பிளேயரை எடுத்துவந்து, சேற்றில் முட்டி போட்டு, கம்பியைக் கண்ட இடத்தில் வெட்ட ஆரம்பித்தார். அந்தப் பெண்ணுக்கு அது தாங்கவில்லை. தங்களால்தான் வெட்டுகிறார் என்று நினைத்துவிட்டாள்.

"எதுக்குண்ணே வெட்டுறீங்க? லைட்டுக்குத்தானே கட்டியிருக்கீங்க, எங்களுக்கும் வெளிச்சமா இருக்கும்லா. ரோட்டு வேலை முடியுற வரைக்கும் தெனமும் நாங்க இந்த வழியாத்தானே வரணும்."