கரும்பலகையில் அக்கா எழுதிய கிழமை

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. "சித்தி, அம்மாவைப் பத்தி நாலு நல்ல வார்த்தை எழுதிக் குடுங்க" என்று அக்காவின் மகன் சென்னையிலிருந்து போனில் கேட்டான். நல்ல வார்த்தைக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஓராண்டாக என் நெஞ்சை அடைத்துக்கொண்டிருக்கும் ஒன்றையும் சேர்த்தே எழுதுகிறேன். உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

காரமடைக்கு மேற்கே ஒரு தோட்டத்து வீட்டில் அக்கா பிறந்தார். அப்பா திடீரென்று காலமானபோது கல்லூரியை நிறுத்திவிட்டு வேலைக்குப் போனார். தபால் வழியில் படித்து ஆங்கில ஆசிரியை ஆனார். என்னைப் படிக்க வைத்ததும் கட்டிக் கொடுத்ததும் அவர்தாம். பெரிய கோபக்காரர். எனக்கு ஐம்பது வயதான பிறகும் அவர் புருவத்தை உயர்த்தினால் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

பணி ஓய்வுக்குப் பிறகு மேட்டுப்பாளையத்தில் தனியாக இருந்தார். ஆங்கிலமே தெரியாத பெண்களுக்கு வீட்டு முன்னறையில் காலை பத்து மணிக்கு வகுப்பு. மண்டியில் காய் பிரித்துவிட்டு வருபவர்களும், பிள்ளையின் பள்ளியில் மிஸ் பேசுவது புரியாமல் தலைகுனிந்து திரும்பிய அம்மாக்களுமாகப் பன்னிரண்டு பேர். முதல் கால்மணி நேரம் என்றைக்கும் மாறாது. அக்கா பலகையில் கிழமை, தேதி, வெளியே வெயிலா மழையா என்று எழுதுவார். எல்லோரும் எழுந்து அதை உரக்கப் படித்து, நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு ஒவ்வொருவராகப் பெயரும் காலையில் சாப்பிட்டதும் சொல்ல வேண்டும். "இது பல்லு வெளக்கற மாதிரிங்க. ஒரு நாள் உட்டாலும் நாறிப்போகும்" என்பார்.

சென்ற ஆண்டு ஒரு செவ்வாய்க்கிழமை நான் போயிருந்தேன். தகரக் கூரை மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. பலகையில் ஞாயிற்றுக்கிழமை என்றும் நல்ல வெயில் என்றும் எழுதியிருந்தது. பன்னிரண்டு பெண்களும் எழுந்து நின்று, மழைச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தி, "இட் ஈஸ் சன்னி" என்றார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. குனிந்து நோட்டில் எழுதினார்கள். நான் பலகையையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தேன்.

அக்கா என் பக்கம் திரும்பினார். "ஏன் அப்படிப் பாக்கறே?"

"ஒண்ணுமில்லீங்க்கா" என்றேன்.

வகுப்பு முடிந்ததும் மண்டியில் வேலை செய்யும் பரமேஸ்வரியை வாசலில் நிறுத்தினேன். "ஏனுங்க, தப்புன்னு ஒருத்தரும் சொல்லலீங்களா?"

அவர் குடையை விரிக்காமலே நின்றார். "மூணு வாரமா இப்படித்தானுங்க. படிக்க வந்தவங்க டீச்சரைத் திருத்தறதுங்களா? அவங்க மனசு சங்கடப்படும்னு நாங்களும் அப்படியே எழுதிப்போட்டோமுங்க."

மரியாதை! எங்கள் ஊர் மரியாதை! அவர்களைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? அடுத்த வாரம் என் பேத்திக்குக் காதுகுத்து. அது முடியட்டும், டாக்டரிடம் கூட்டிப்போகலாம் என்று தள்ளிப் போட்டேன். காதுகுத்துக்கு மறுநாள் பலகை முன்னால் அக்கா விழுந்தார்.

கோவை மருத்துவமனையில் தலைக்குள் கட்டி என்றார்கள். "எப்போதிருந்து இப்படி?" என்று டாக்டர் கேட்டார். கூட வந்திருந்த பரமேஸ்வரி பையிலிருந்து தன் வகுப்பு நோட்டை எடுத்து நீட்டினார். டாக்டர் ஒவ்வொரு பக்கமாகப் பின்னோக்கிப் புரட்டினார். கிழமை சரியாக இருந்த பக்கம் வர வெகுநேரம் ஆயிற்று. நோட்டை மூடிவிட்டு, "கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

அந்த டாக்டருக்கும், முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. முறை போட்டு அக்காவின் அருகில் இருந்த பன்னிரண்டு மாணவிகளுக்கும், இறுதிக் காரியங்களில் தோள் கொடுத்த உறவினர்களுக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

எங்களை விட்டுப் போவதற்கு இரண்டு நாள் முன்பு அக்காவுக்கு நல்ல தெளிவு வந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பேசினார்.

"என்னமோ தப்பாகுதுன்னு எனக்கே தெரியும் கண்ணு. எது தப்புன்னுதான் தெரியலை. யாராச்சும் சொல்லுவாங்கன்னு தெனமும் எழுதிப்போட்டு அவங்க மூஞ்சியவே பாத்துட்டு நின்னேன். நீ வந்தப்ப, சரி, இவ சொல்லிப்போடுவான்னு நெனச்சேன்."